பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஓட்டுவது எப்படி: ஒரு எம்எக்ஸ்-5, ஆறு குளிர்காலம்

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒத்து வருமா என்று அப்புறம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வீடு இங்கிலாந்தில் லெஸ்டர். வேலை கவென்ட்ரியில், ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். போக 25 மைல், வர 25 மைல், பெரும்பாலும் எம்69 நெடுஞ்சாலை. வாரத்துக்கு நான்கு ஷிஃப்ட், அதில் பாதி இரவு. 2018 கடைசியில் 1,400 பவுண்டு கொடுத்து ஒரு 2003 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். இரண்டே சீட், துணிக் கூரை, 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர். அப்போது மீட்டரில் 71,000 மைல் இருந்தது. இப்போது 1,26,000. வழியில் நின்றது இரண்டு தடவை.

வாங்கப்போகிறேன் என்றதும் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம், தினமும் முடியாது. ஆறு குளிர்காலம் ஓட்டியபின் எனக்குத் தோன்றுவது நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற வண்டிதான் சீக்கிரம் கெடுகிறது. ஊரில் அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. தினமும் கடைக்குப் போய்வந்த வரைக்கும் இரண்டு மிதியில் கிளம்பும். அப்பா உடம்புக்கு முடியாமல் படுத்தபோது இரண்டு மாதம் திண்ணையோரம் நின்றது. அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவாமல் அது உயிர் பிடிக்கவே இல்லை. காருக்கும் அதே கதைதான். நின்றால் பிரேக் இறுகும், ரப்பர் காயும், பேட்டரி இறங்கும், உள்ளே புகுந்த ஈரம் காயாது.

தினமும் ஓடுகிற பழைய வண்டிக்கு எதிரி என்று பார்த்தால் தண்ணீர்தான். உள்ளே இருக்க வேண்டிய தண்ணீர் வெளியே வருவது, வெளியே இருக்க வேண்டிய தண்ணீர் உள்ளே வருவது. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியது.

எந்த வண்டி

சுவரில் போஸ்டர் ஒட்டிப் பார்த்த வண்டியை வாங்காதீர்கள். திங்கட்கிழமை உடைந்தால் புதன்கிழமைக்குள் உதிரிப்பாகம் வந்து சேருகிற வண்டியை வாங்குங்கள். நான் முதலில் ஆசைப்பட்டது போர்ஷே 944. எஞ்சின் வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும், அந்த ஒரு வேலைக்கே என் வண்டியின் விலையைவிட அதிகம் ஆகும் என்று தெரிந்ததும் கும்பிடு போட்டுவிட்டேன். டொயோட்டா எம்ஆர்2வின் மூன்றாம் தலைமுறை நல்ல வண்டி. ஆனால் ஆரம்ப வருஷ மாடல்களில் எஞ்சினை ஒட்டியிருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் சிறு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நொறுங்கி, அந்தத் தூள் எஞ்சினுக்குள்ளேயே போய்ச் சேரும் சங்கடம் உண்டு. சரி செய்யப்பட்ட வண்டியா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எம்எக்ஸ்-5 எளிதில் கிடைப்பதற்குக் காரணம் எண்ணிக்கை. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 2000இலேயே 5,31,890 வண்டிகளைத் தாண்டி, உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறியது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. இவ்வளவு வண்டி ஓடும்போது பாகம் செய்பவனும் இருப்பான், பழசை உடைத்து விற்பவனும் இருப்பான். முதல் தலைமுறை வண்டிகளைத் திரும்பப் புதுப்பித்துத் தரும் வேலையை மஸ்டாவே ஜப்பானில் எடுத்துச் செய்கிறது.

முதல் தலைமுறையா இரண்டாம் தலைமுறையா? கண் சிமிட்டி எழும் முகப்பு விளக்கு வேண்டுமென்றால் முதலாவது (1989 முதல் 1997 வரை). அழகு அதில்தான், மறுக்கவில்லை. விளக்கைத் தூக்கும் மோட்டார் படுத்தாலும், பானெட்டைத் திறந்து ரப்பர் மூடிக்கு அடியில் உள்ள குமிழைக் கையால் திருகி விளக்கை எழுப்பலாம். ஆனால் அதன் பின்கண்ணாடி பிளாஸ்டிக். மஞ்சளாகும், குளிரில் மடித்தால் விரியும், பனி படர்ந்தால் கையால் துடைக்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் (1998 முதல் 2005 வரை) பின்னால் நிஜக் கண்ணாடி, அதில் சூடேற்றும் கம்பியும் உண்டு. நவம்பர் மாதம் காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்கிறவனுக்கு இந்த ஒரு காரணமே போதும். நான் யோசிக்கவே இல்லை.

பெட்ரோல் விஷயம் ஒன்று. இங்கே 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் என்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. 2002க்கு முந்திய வண்டிக்கு அது சேருமா என்று அரசுத் தளத்தில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சேராதென்றால் விலை கூடிய சூப்பர் பெட்ரோல்தான். லண்டனுக்குள் போகிறவர்கள் வண்டி எண்ணைப் போட்டு, புகை அதிகம் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டிக்கு யூரோ 4 புகைத் தரம் இல்லையென்றால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. தினமும் வேலைக்குப் போகிறவனுக்கு அது வண்டியையே விழுங்கிவிடும்.

வாங்குமுன் படிக்க வேண்டிய கதை

இங்கிலாந்தில் வண்டிக்கு மூன்று வயதானதும் வருஷா வருஷம் எம்ஓடி என்ற தகுதிப் பரிசோதனை. அதன் முடிவுகள் அரசுத் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் இலவசமாகத் தெரியும். தேறியதா தோற்றதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் கீழே எச்சரிக்கைக் குறிப்புகள் இருக்கும், கதை முழுதும் அங்கேதான். ஒரு வண்டிக்கு 2014இல் ‘சில் லேசான துரு’ (சில் எது என்று அடுத்துச் சொல்கிறேன்), 2015இல் ‘சில் துரு’, 2016இல் ஒன்றுமே இல்லை என்று இருந்தால், துரு தானாகப் போய்விடவில்லை. ஒட்டுப் போட்டிருப்பார்கள், அல்லது மேலே பூசி மறைத்திருப்பார்கள். ரசீதைக் கேளுங்கள்.

சில் என்பது கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டித் தகடு. கூரை இல்லாத வண்டிக்கு முதுகெலும்பே அதுதான். எம்எக்ஸ்-5இல் அது முதலில் அரிப்பது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் அந்த இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தகடு என்றால் பிடிக்கும், உள்ளே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் நழுவி விழும்.

அடுத்து சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைக் கையால் அமுக்குங்கள். நான் அமுக்கினேன். ஈரமாக இருந்தது. கூரையைத் திறந்துவைத்திருந்தபோது திடீரென்று மழை என்றார் விற்றவர். நம்பவில்லை. ஆனாலும் வண்டியை ஒரு சுற்று ஓட்டியாகிவிட்டதே, மனசு அங்கேயே நின்றுவிட்டது. இருநூறு பவுண்டு குறைத்துப் பேசி வாங்கினேன். அடுத்த எம்ஓடியில் இரண்டு பக்கச் சில்லும் தோல்வி. வெல்டிங்குக்கு 640 பவுண்டு. ஈரக் கார்ப்பெட் என்றால் குறைந்தது அந்தத் தொகையையாவது கழித்துப் பேசுங்கள்.

இரண்டாம் தலைமுறையில் இன்னோர் இடம் இருக்கிறது, அது சில்லைவிட மோசம். எஞ்சினுக்கு இரு பக்கமும் முன்னோக்கி நீளும் சட்டங்கள். தகடு அங்கே இரட்டை அடுக்கு. இடையில் உப்புத் தண்ணீரும் மண்ணும் தங்கி உள்ளிருந்து அரிக்கும், வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. வண்டியைத் தூக்கிவைத்து டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அடியில் புதிதாகக் கறுப்பு மெழுகு பூசியிருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

வடிகால்

இந்த ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

துணிக் கூரையில் விழும் மழை பின்பக்கம் வழிந்து, கூரை உடலோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர்க் கால்வாயில் விழும். அங்கிருந்து இரு பக்கமும் ஓடி, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வண்டிக்கு அடியில் வெளியேறும். வடிவமைப்பு நல்ல வடிவமைப்புதான். ஆனால் அந்த ஓட்டையில் இலை, மகரந்தத் தூள், கூரைத் துணியின் நூல் எல்லாம் சேர்ந்து சேறாகும். அடைத்தால் தண்ணீர் பொங்கி ஒரு பக்கம் கார்ப்பெட்டுக்கு வரும், இன்னொரு பக்கம் சில்லுக்குள் இறங்கும். வெளியிலிருந்து உப்பு அரிப்பதற்கு முன்பே உள்ளிருந்து வேலை தொடங்கிவிடும்.

செய்ய வேண்டியது இது. கூரையின் முன் கொக்கிகளைக் கழற்றிப் பாதி தூக்கி நிறுத்துங்கள். சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் முழங்காலிட்டு, சீட் பெல்ட் தூணின் அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். ஓட்டை கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. என் வண்டியில் முதல் தடவை விரலில் வந்தது ஈரமான தேயிலைச் சக்கை மாதிரி ஒரு கறுப்புக் கூழ். அதில் ஒரு புல் முளைத்திருந்தது, பச்சையாக, ஓர் அங்குலம். கரண்டிக் காம்பால் வழித்தெடுத்தேன். ஒரு டீ கப் நிறைய வந்தது.

வழித்தபின் குழாய்க்குள் கம்பி விடாதீர்கள். குழாய் கிழியும், அல்லது மூட்டில் கழன்றுவிடும். காற்று அடிப்பதும் கூடாது, அதே காரணம்தான். புல்வெட்டும் மெஷினில் போடும் தடித்த நைலான் நூல் இருக்கிறதே, அதில் ஒரு மீட்டர் வெட்டி, நுனியை லைட்டரில் காட்டி உருட்டையாக்கி, மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். தட்டுகிற இடத்தில் அழுத்தாமல் வெளியே இழுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். கீழே எட்டிப் பார்க்கிறபோது சக்கரத்துக்கு முன்னால் நூல் தலைகாட்டினால் முடிந்தது.

இனிமேல் சோதனை. அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து அந்த ஓட்டையில் மெல்ல ஊற்றுங்கள். கீழே தரையில் தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. விழவே இல்லை, ஆனால் பாட்டில் காலி என்றால், தண்ணீர் எங்கே போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பக்கமும் செய்யுங்கள். வருஷத்துக்கு மூன்று தடவை போதும்: இலை உதிர்ந்து முடிந்ததும், குளிர் விலகியதும், கோடையில் ஒரு முறை. மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு இது போதாது, மாதம் ஒரு தடவை.

உள்ளே இருக்க வேண்டிய தண்ணீர்

குளிர்விக்கும் தண்ணீரைப் பற்றி வண்டியே சொல்லும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5இன் வெப்பமானி ஒரு பசப்புக்காரன். ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுவதும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும், ஓட்டுநர் பயப்படக்கூடாது என்பதற்காக. அது நகர்ந்து மேலே போகும்போது நீங்கள் ஏற்கெனவே தாமதம். ஆயில் அழுத்தமானியும் அப்படித்தான். 1995க்குப் பிறகு வந்த வண்டிகளில் அது அழுத்தத்தை அளப்பதில்லை. இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்கிற ஒரு சுவிட்ச், முள் வேஷம் போட்டிருக்கிறது.

அதனால் கண்ணால் பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் மேல்பகுதி கறுப்பு பிளாஸ்டிக். கறுப்பு மங்கி, பாசியும் பழுப்புமான ஒரு நிறத்துக்கு மாறினால் அது விரிசல் விடத் தயாராகிவிட்டது. ஒழுகும் வரை காத்திருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். இந்த வண்டிக்குப் புது ரேடியேட்டர் பெரிய செலவே இல்லை. மாற்றும்போது குழாய்கள், தெர்மோஸ்டாட், மூடி எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். எஞ்சினுக்குப் பின்புறம், ஹீட்டருக்குப் போகும் சின்னக் குழாய்களை எல்லாரும் மறந்துவிடுவார்கள். கை நுழைவது கஷ்டம் என்பதால்தான். கை நுழையாத இடத்துக் குழாய்தான் இரவு பன்னிரண்டு மணிக்கு வெடிக்கும்.

டைமிங் பெல்ட்டுக்கு 60,000 மைல் என்பது பொதுக்கணக்கு. ஆனால் ரசீது இல்லாத வண்டி என்றால் மைலைப் பார்க்காதீர்கள், வாங்கிய முதல் மாதமே மாற்றுங்கள். அதைத் திறக்கும்போதே தண்ணீர்ப் பம்பையும் மாற்றிவிட்டால் இரட்டைக் கூலி மிச்சம். 2001க்குப் பிந்திய 1.8 எஞ்சின்களில் ஆயில் குடிக்கும் பழக்கம் உண்டு. நான் இரண்டாவது பெட்ரோல் நிரப்புக்கு ஒரு தடவை அளவுக்கோலை இழுத்துப் பார்க்கிறேன்.

நின்ற இரண்டு தடவை

முதலாவது, 2020 பிப்ரவரி. இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில் கிளட்ச்சை மிதித்தால் சோற்றுப் பானையில் கை விட்ட மாதிரி இருந்தது. முதல் கியர் விழவில்லை. இது இந்த வண்டிகளின் பிரசித்தமான வியாதி: கிளட்ச் மிதியின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து திரவம் கசிவது. பெடலைப் பத்துப் பதினைந்து தடவை வேகமாக மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் ஏறும். அப்படி ஏற்றி நகர்த்திப் பார்த்தேன். வாசல் தடுப்பு வரைதான் போனது. இழுவை வண்டியில் வீடு வந்தேன்.

வெட்கம் என்னவென்றால், அது மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. குளிரான காலையில் முதல் கியர் விழும்போது ஒரு கரகரப்பு, பானெட்டுக்குள் இருந்த கிளட்ச் திரவம் காப்பி நிறம். நான் குளிரைக் குறை சொன்னேன். இப்போது விதி வைத்திருக்கிறேன்: திரவம் கறுத்தால் மாற்று. ஸ்லேவை மாற்றும்போது மேலே மிதியோடு சேர்ந்து அந்த அழுத்தத்தை உண்டாக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் கூடவே மாற்றுங்கள். புது ஸ்லேவ் போட்டதும் அழுத்தம் கூடி, கிழட்டு மாஸ்டர் ஒரே மாதத்தில் கைவிரிக்கும்.

இரண்டாவது தடவை எம்69இல், கொட்டும் மழையில். எஞ்சின் இடறியது, மூன்று சிலிண்டரில் நொண்டியது. காரணம், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் வயர்கள். பார்க்க நன்றாகவே இருந்தன, எத்தனை வயதென்று யாருக்கும் தெரியாது. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய மலிவுச் சாமான் அது. இப்போது ஒரு பழைய செட்டை, மாற்றும்போது கழற்றிய நல்லதை, டிக்கியில் வைத்திருக்கிறேன்.

டிக்கி என்றதும் ஸ்டெப்னி ஞாபகம் வருகிறது. இந்த வார்த்தையை இங்கே சொன்னால் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் அது இந்த நாட்டுச் சரக்கு. வேல்ஸில் லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் நூறு வருஷத்துக்கு முன் உபரிச் சக்கரம் செய்து விற்றவர்களின் பெயர் நம் ஊரில் தங்கிவிட்டது. எம்எக்ஸ்-5இன் ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிகச் சக்கரம். அதில் காற்று இருக்கிறதா என்று எப்போதாவது பாருங்கள். பேட்டரியும் டிக்கியில்தான். புதிது வாங்கும்போது ஆவி வெளியேறும் குழாய் மாட்டக்கூடிய ரகமாக வாங்கி, குழாயை மறக்காமல் மாட்டுங்கள். மூடிய டிக்கிக்குள் அமில ஆவி சுற்றினால் துருவுக்கு விருந்து.

குளிர்காலம்

உப்புதான் பிரச்சினை, பனி அல்ல. சாலையில் உப்பு தூவத் தொடங்குமுன், ஆகஸ்ட் கடைசியில் நாலு நாள் வெயில் சேர்ந்து கிடைக்கும்போது, மெழுகு வேலையை முடித்துவிடுங்கள். அடிப்பாகத்துக்கு லனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) வகைத் தெளிப்பு. சில்லுக்குள்ளும் முன் சட்டங்களுக்குள்ளும் நீண்ட மூக்குக் குழாய் வைத்து, உட்புறத்துக்கென்றே விற்கும் மெழுகு. ஏற்கெனவே உள்ள ரப்பர் அடைப்பான்களைக் கழற்றினால் வழி கிடைக்கும், புதிதாகத் துளை போட வேண்டாம். ஈரத்தின் மேல் மெழுகு அடித்தால் துருவைப் போர்வை போர்த்தித் தூங்க வைத்த மாதிரி. அதனால்தான் வெயில் முக்கியம்.

உப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அடியைக் கழுவுகிறேன். அதற்குக் கருவி ஒன்றும் இல்லை. புல்தரைக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரிங்க்ளரை வண்டிக்கடியில் தள்ளி, இருபது நிமிடம் திறந்துவிட்டு உள்ளே போய் டீ குடிப்பேன். நடுவில் ஒரு தடவை வந்து அதை முன்னால் நகர்த்த வேண்டும். உறைபனி இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

டயர், எல்லாப் பருவத்துக்குமான ரகம், 195/50 ஆர்15. காற்று 26 பிஎஸ்ஐ. டயர் கடைக்காரர்கள் பழக்க தோஷத்தில் 32, 33 வைத்துவிடுவார்கள். அப்போது இந்த எடை குறைந்த வண்டி ஈரச் சாலையில் எண்ணெய்த் தரையில் நடக்கிற மாதிரி போகும். கடையிலிருந்து வந்ததும் நானே இறக்கிவிடுவேன். பனி கொட்டிய நாளில் வண்டி எடுப்பதில்லை. அன்றைக்குப் பஸ், அல்லது மனைவியின் ஹேட்ச்பேக். உண்மையில் வீட்டில் இன்னொரு வண்டியோ ஒழுங்கான பஸ்ஸோ இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டுரை சரிப்படாது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

துணிக் கூரையை உறைபனியில் மடக்காதீர்கள், ஈரத்தோடும் மடக்காதீர்கள். கண்ணாடி ஓர ரப்பர்களுக்கு மாதம் ஒரு முறை சிலிக்கான் பசை தடவினால் ஒழுகாது. இரண்டாவது வருஷம் ஒரு கெட்டிக் கூரை வாங்கினேன், பழசு, 500 பவுண்டு. துணிக் கூரையை மடித்து இறக்கிவிட்டு அதன் மேல் அக்டோபரில் மாட்டி ஏப்ரலில் கழற்றுவது. சுமார் 20 கிலோதான், ஆனால் அகலம், இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மனைவி கேட்டாள், “உங்க வண்டிக்கு வந்தாச்சு குளிருக்குத் தொப்பி. பிள்ளைக்கு ஜாக்கெட் எப்பங்க வாங்கப் போறீங்க?” அன்று மாலையே வாங்கினோம்.

கெட்டிக் கூரை போட்டபின் கூடுதல் லாபம் சத்தம் குறைந்தது. இந்த வண்டியில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கு மேல் ஓடும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்துத் திரும்பும்போது துணிக் கூரையின் அடியில் அந்த இரைச்சல் தலைவலி. நான் 60இல், லாரிகளுக்குப் பின்னால் தள்ளி வருகிறேன். லாரிக்குப் பக்கவாட்டில் தங்காதீர்கள். அதன் சக்கரத்தின் நடுப்பகுதி உங்கள் கண் உயரத்தில் இருக்கும், ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். பகலிலும் விளக்கைப் போட்டு ஓட்டுவது என் வழக்கம்.

மிச்சச் சில்லறை

பின் பிரேக்கின் கைப்பிரேக் பொறி நிற்கிற வண்டியில் இறுகும். தினமும் ஓடினால் அந்த வம்பு குறைவு. ஆனாலும் வருஷம் ஒரு தடவை பிரேக் பட்டையை அமுக்கும் காலிப்பரைக் கழற்றி, சறுக்கும் ஊசிகளைச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். கைப்பிரேக் தளர்ந்தால் கேபிளைப் போய் இறுக்காதீர்கள். காலிப்பரின் பின்னால் 14 மிமீ போல்ட் ஒன்றைக் கழற்றினால் உள்ளே 4 மிமீ ஆலன் சாவிக்கு இடம் இருக்கும். அதை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, சக்கரம் கையால் தடையின்றிச் சுற்றுகிறதா என்று பார்த்து மூடுங்கள். பல மெக்கானிக்குகளுக்கே இது தெரியாது, பிஸ்டனை உள்ளே தள்ளப் பார்த்து உடைப்பார்கள்.

இன்சூரன்சில் ஒரு பொறி. பழைய வண்டிக்கு என்று மலிவாக விற்கும் ‘கிளாசிக்’ பாலிசிகளில் வருஷ மைல் வரம்பு இருக்கும். வேலைக்குப் போய்வருவது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கெட்டிக் கூரை, மாற்றுச் சக்கரம், எதை மாற்றினாலும் சொல்லிவிடுங்கள்.

வண்டியில் எதையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், ஒரு வெறும் பையைக்கூட. துணியைக் கிழிக்கிறவனுக்கு ஐந்து பவுண்டு கிடைக்கும், உங்களுக்குக் கூரைச் செலவு ஐந்நூறு ஆகும். கதவைப் பூட்டாமல் விட்டால் கிழிக்கமாட்டான் என்று சிலர் சொல்வார்கள். இன்சூரன்ஸ்காரர் அந்தத் தத்துவத்தை ஏற்கமாட்டார்.

பெட்ரோல் எனக்கு ஒரு கேலனுக்கு 32 மைல் கொடுக்கிறது, நம் கணக்கில் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர். தொட்டி 48 லிட்டர், ஆகவே ஒரு நிரப்பு ஒரு வாரத்துக்குத் தாராளமாகக் காணும். பழுதுக்கும் பராமரிப்புக்கும் என் நோட்டுக் கணக்குப்படி ஆறு வருஷச் சராசரி வருஷத்துக்கு 780 பவுண்டு, வெல்டிங் சேர்த்து. மாதாமாதம் அறுபது பவுண்டைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். கை வைக்க மனசு வருவதற்கு முன் பணம் போய்விட வேண்டும். ஒரே பில் 1,500ஐத் தாண்டினால் வண்டியை விட்டுவிடுவது என்று மனைவியோடு ஒப்பந்தம்.

இந்த வருஷ எம்ஓடி நவம்பரில். இடது முன் சட்டத்தில், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஆன்ட்டி-ரோல் பார் கவ்வும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், பெயின்ட் கொஞ்சம் உப்பினாற்போல் இருக்கிறது. சனிக்கிழமை மழை இல்லையென்றால் வண்டியைத் தூக்கி, மெழுகைச் சுரண்டிவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.